பத்துக்கு நாலு ப்ளெக்ஸ் போனுக்குள் நுழையாது

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு கடைக்காரர் வந்து போனை, ப்ளெக்ஸ் டிசைன் செய்யும் என் மேசைமேல் டக்கென்று வைத்தார். தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கம் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்பவர். "தம்பி, காலையிலேர்ந்து கடையில சண்டை. பாறசாலையிலேர்ந்து பஸ் ஏறி வந்து, வாஷிங் மெஷின் 4,999 ரூபாய்க்குக் குடுன்னு நிக்காங்க. நீ என்னத்த அடிச்சு வச்ச?"

நான் அடித்தது 14,999. அவர் கடை வாசலில் தொங்கும் ப்ளெக்ஸிலும் 14,999தான் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் மட்டும் அந்த 1 இல்லை.

நடந்தது இவ்வளவுதான். பத்தடிக்கு நாலடி ப்ளெக்ஸ் ஃபைலை அவர் மகன் அப்படியே இன்ஸ்டாவில் ஏற்றியிருக்கிறான். அது படத்தைச் சதுரமாக வெட்டிக் காட்டியிருக்கிறது, அவன் பார்க்காமல் அடுத்தது, அடுத்தது என்று அழுத்திவிட்டான். பத்தடியில் நடு நாலடிதான் மிச்சம். இடது பக்கம் மூன்றடி போனதில் தமிழ் எழுத்தும் விலையின் முதல் இலக்கமும் போயின. வலது பக்கம் மூன்றடியில் மலையாளம் மொத்தமும் போயிற்று. வந்து சண்டை போட்டவர்கள் பாதிப்பேர் மலையாளிகள். அவர்களுக்குப் படிக்கக் கிடைத்தது அந்த 4,999 மட்டும்தான், பாவம்.

இந்த வருஷம் இப்படி வந்த பஞ்சாயத்துகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கல்யாணத் தேதி வெட்டுப்பட்டது, நினைவஞ்சலியில் இறந்தவரின் நெற்றி வெட்டுப்பட்டது, டியூஷன் சென்டரின் போன் நம்பரில் கடைசி இரண்டு எண் காணாமல் போனது. எல்லாவற்றுக்கும் பழி டிசைனர் தலையில். அதனால்தான் எழுதுகிறேன்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் எனக்குத் தினமும் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: "அதான் பெரிய ஃபைலா இருக்கே, போன்ல சின்னதாத் தெரிஞ்சா இன்னும் கிளியராத்தானே இருக்கும்?"

இருக்காது. பொறுமையாகக் கேளுங்கள். பத்தடி என்றால் ஏறக்குறைய 305 சென்டிமீட்டர். உங்கள் போனின் அகலம் 7 சென்டிமீட்டர் இருக்கும். அப்படியென்றால் படம் நாற்பத்துமூன்று மடங்கு சுருங்குகிறது. ப்ளெக்ஸில் மூன்று இஞ்ச் உயரத்துக்கு நான் போட்ட போன் நம்பர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் படிக்கலாம். அதே எழுத்து போனில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. கடுகு. கடுகில் எழுதிய நம்பரை யார் பார்த்து யார் கூப்பிடுவது? எழுத்து கூர்மையாகத்தான் இருக்கும், ஆனால் கடுகாக இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். பத்துக்கு நாலு படத்தை வெட்டாமல் போனில் பார்த்தால் அதன் உயரம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. நாலுக்கு அஞ்சு என்ற கணக்கில் நிமிர்ந்து நிற்கும் படம் அதே 7 சென்டிமீட்டர் அகலத்தில் எட்டே முக்கால் சென்டிமீட்டர் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்று மடங்கு இடம், அதுவும் இலவசமாக. மெயின் ரோட்டில் மூன்று மடங்கு போர்டு இடம் சும்மா தருகிறேன் என்றால் வேண்டாம் என்பீர்களா?

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி மிரட்டுவார்கள். "300 டிபிஐ வச்சுக் குடுங்க." டிபிஐ என்பது ஒரு இஞ்சில் எத்தனை புள்ளி என்ற அச்சுக்கான கணக்கு. அகலத்தில் 1080, உயரத்தில் 1350 பிக்சல், அதாவது திரைப் புள்ளி, உள்ள படத்தில் 300 என்று குறித்தாலும் 72 என்று குறித்தாலும் போன் திரையில் அது ஒரே படம்தான், ஒரு புள்ளிகூட மாறாது. அச்சடித்தால்தான் வித்தியாசம்: 300-ல் அகலம் மூன்றரை இஞ்ச் சொச்சம், 72-ல் பதினைந்து இஞ்ச். போனுக்குப் பிக்சல் எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் கேளுங்கள். அதேபோல எம்பி கூடினால் தரம் கூடும் என்பதும் இல்லை. 40 எம்பி ஃபைலைக் கொடுத்தாலும் இன்ஸ்டா மாதிரி ஆப் தன் இஷ்டத்துக்குச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். நாமே சரியான அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தால் சேதம் குறைவு.

சரி, அளவுகள். இன்ஸ்டா, பேஸ்புக் போஸ்ட் இரண்டுக்கும் 1080-க்கு 1350 போதும், அதாவது அதே நாலுக்கு அஞ்சு. ஸ்டோரி, ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் 1080-க்கு 1920. அதில் மேலேயும் கீழேயும் 250 பிக்சலாவது எழுத்தில்லாமல் விடுங்கள், அங்கே ஆப்பின் சொந்தப் பட்டன்கள் வந்து உட்காரும். சதுரம் வேண்டுமென்றால் 1080-க்கு 1080. ஆனால் 2025 ஜனவரியிலிருந்து இன்ஸ்டா புரொஃபைல் பக்கத்தில் கட்டங்கள் சதுரமாக இல்லை, மூன்றுக்கு நாலாக நிமிர்ந்துவிட்டன. பழைய சதுரப் படத்தில் இரண்டு ஓரத்திலும் எட்டில் ஒரு பங்கு அங்கே மறையும். ஓரத்தில் ஒட்டி எழுதும் பழக்கத்தை விடச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

பேஸ்புக் கவர் படம் ஒரு தனிச் சனியன். கம்ப்யூட்டரில் 820-க்கு 312, போனில் 640-க்கு 360. ஒன்றில் மேல் கீழ் போகும், மற்றதில் பக்கவாட்டில் போகும். கடைப் பெயரை நட்ட நடுவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். யூடியூப் தம்ப்நெயில், அதாவது வீடியோவைத் திறக்கும் முன் தெரியும் முகப்புப் படம், 1280-க்கு 720. தேவாலயத் திருவிழா, கோயில் கொடை வீடியோ போடும் தம்பிமார் தேதியை எப்போதும் வலது கீழ் மூலையில்தான் வைக்கிறார்கள். வீடியோவின் நீளம் காட்டும் கறுப்புக் கட்டம் சரியாக அங்கேதான் வந்து உட்காரும்.

தமிழும் மலையாளமும் ஒரே படத்தில் வேண்டும் என்று கேட்பது நம் எல்லைக்கே உரிய வியாதி. ப்ளெக்ஸில் பாதி பாதி பிரித்துப் போடலாம், தப்பில்லை. போன் படத்தில் இரண்டு மொழியும் சேர்ந்தால் இரண்டுமே படிக்க முடியாது. ஒரே போஸ்டில் இரண்டு படமாகப் போடுங்கள், ஒன்று தமிழ், ஒன்று மலையாளம்.

அப்புறம் இந்த வாட்ஸ்அப். நான் அனுப்பும் படத்தை நீங்கள் மச்சானுக்கு அனுப்பி, மச்சான் மகனுக்கு அனுப்பி, மகன் இன்ஸ்டாவில் போடும்போது அது நாலு முறை துவைத்த சட்டை மாதிரி இருக்கும். சிவப்பு எழுத்துதான் முதலில் கலங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், வந்தது வந்தபடி இருக்கும். 2023-லிருந்து படத்தைக் கூடுதல் தெளிவோடு அனுப்பும் எச்டி என்ற வசதியும் இருக்கிறது, ஆனாலும் டாக்குமெண்ட்தான் பத்திரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுபவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். போன மாதம் ஒரு நகைக்கடை விளம்பரம் பார்த்தேன், மேலே பேட்டரி 17 சதவீதம் என்று இருந்தது.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. ப்ளெக்ஸ் ஃபைல் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிகிறது என்று என்னிடம் வராதீர்கள். திரைக்கு ஆர்ஜிபி என்ற நிற முறைதான்.

போனுக்குத் தனியாகச் செய்தால் தனிக் காசா என்று கேட்பீர்கள். ஆமாம், தனிக் காசுதான். எழுத்தைப் பெரிதாக்கி, பாதி வாசகத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே எங்கே எங்கே போடப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டால் பாதிக் காசில் முடியும். ராத்திரி பத்தரைக்கு "தம்பி, இன்ஸ்டாவுக்கும் ஒண்ணு" என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து.

வாஷிங் மெஷின் அண்ணாச்சிக்கு அன்றைக்கே புதிதாகச் செய்து கொடுத்தேன். இதையெல்லாம் அரைமணி நேரம் உட்காரவைத்துச் சொன்னேன், தலையாட்டிக் கேட்டார். நேற்று கிறிஸ்துமஸ் ஆஃபருக்குக் கூப்பிட்டார். "தம்பி, வாசலுக்குப் பத்துக்கு நாலு ஒண்ணு. போனுக்கு நீ சொன்ன மாதிரி நாலுக்கு அஞ்சு." எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த நொடியே கேட்டார்: "அந்த நாலுக்கு அஞ்சுக்கு ஃபிரேம் அடிக்கணுமா, இல்ல கயிறு கட்டித் தொங்க விட்டாப் போதுமா?"