அவுட்லுக்கும் தண்டர்பேர்ட்டும் ஒரே முகவரியில்: சீசனுக்கு முன் ஒரு வேண்டுகோள்

சீசன் நெருங்கும்போது நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே புகார்தான்: புக்கிங்கை உறுதிசெய்த மெயிலைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் வரவேற்பு மேசைக் கணினியில் அவுட்லுக், முதலாளியின் மடிக்கணினியில் தண்டர்பேர்ட், மெயில் மென்பொருள் இரண்டு, முகவரியோ ஒன்று. நாட்காட்டிக்கு அவுட்லுக், தேடலுக்கும் வடிகட்டிக்கும் தண்டர்பேர்ட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் பிழையே இல்லை. இரண்டையும் பொப்3 முறையில், அதாவது மெயிலை அந்தந்தக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறையில், வைத்திருக்கிறார்களே, அதுதான் வில்லங்கம்.

அடுத்து ஒரு கோரிக்கை தவறாமல் வரும்: "அவுட்லுக்கை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போட்டுத் தாங்கோ, மெயில் வந்திடும்." வராது. மெயில் அவுட்லுக்குக்குள் இல்லை. தண்டர்பேர்ட்டுக்குள்ளும் இல்லை. அவை வாசிக்கும் கருவிகள் மட்டுமே. பொப் முறையில் மெயில், சேவை தருபவரின் கணினியான சேர்வரிலிருந்து இறங்கி, அந்தக் கணினியின் பைல் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவுட்லுக் என்றால் பிஎஸ்டி பைல். தண்டர்பேர்ட் என்றால் அதன் புரொஃபைல் ஃபோல்டர். "14 நாளுக்குப் பின் சேர்வரிலிருந்து அகற்று" என்ற டிக் பல வேளை தானாகவே விழுந்திருக்கும். முதலாளி மூன்று வாரம் கொழும்பில் நின்றுவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தால், முதல் வாரத்து மெயில் சேர்வரில் இராது. மேசைக் கணினியில் பத்திரமாக இருக்கும். மென்பொருளைப் பத்துத் தரம் திரும்பப் போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

இரண்டு மென்பொருளின் வசதிகளும் வேண்டுமானால் ஐமேப், அதாவது மெயிலைச் சேர்வரிலேயே வைத்து எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலக் காட்டும் முறை. வேறு வழி கிடையாது. போர்ட் எண்: உள்வருவதற்கு 993, வெளிச்செல்வதற்கு 465 அல்லது 587. அவுட்லுக்கில் இருக்கும் பொப் கணக்கை ஐமேப்பாக "மாற்ற" முடியாது. அவுட்லுக்கை மூடி, பிஎஸ்டியை முதலில் பிரதி எடுங்கள். பிறகு அதே முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்த்து, பழைய ஃபோல்டர்களை அதற்குள் இழுத்து விடுங்கள். பழைய பொப் கணக்கை நீக்குவது எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான். ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான் ஏற்ற விடும். 6 ஜிபி பிஎஸ்டியை ஒரே இரவில் தள்ளிவிட நினைத்தால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படும். பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும், பொறுங்கள்.

இன்னொரு தலையிடி இணைப்புகளின் எண்ணிக்கை. ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 இணைப்புகளே தரும். தண்டர்பேர்ட் தனியாளாகவே 5 வரை பிடித்துக்கொள்ளும். மூன்று கணினியும் இரண்டு கைபேசியும் சேர்ந்தால் ஏதோ ஒன்று கடவுச்சொல் கேட்டுக்கொண்டே நிற்கும். கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. தண்டர்பேர்ட்டின் சேர்வர் அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குப் போய் 5ஐ 2 ஆக்குங்கள், போதும்.

வடிகட்டி விதிகளை ஒரு கணினியில் மட்டும் வையுங்கள். சேர்வரிலேயே வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மென்பொருளும் ஒரே மெயிலை வெவ்வேறு ஃபோல்டருக்கு இழுத்தால் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு. அனுப்பிய மெயில் இரண்டிரண்டாகத் தெரிகிறதா? ஜிமெயில் தானே ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது, ஆகவே மென்பொருள் இன்னொரு பிரதி வைப்பதை நிறுத்துங்கள். சொந்த டொமைன் மெயில் என்றால் நிறுத்த வேண்டாம். இரண்டு மென்பொருளும் ஒரே அனுப்பிய ஃபோல்டரைக் காட்டும்படி வையுங்கள்.

நாட்காட்டி ஐமேப்பில் வராது. ஐமேப் மெயிலுக்கு மட்டும்தான். தண்டர்பேர்ட்டில் கூகுள் நாட்காட்டியை நேரே இணைக்கலாம். கிளாசிக் அவுட்லுக்கில் ஐமேப் கணக்கின் நாட்காட்டி அந்தக் கணினியோடு நின்றுவிடும், இணைக்கத் தனிச் செருகுநிரல் தேவை.

"வின்மெயில்.டாட் (winmail.dat) என்று ஏதோ பைல் வருகிறது, வைரஸா?" இல்லை. எதிர்த்தரப்பு அவுட்லுக் ரிச் டெக்ஸ்ட் என்ற வடிவில் அனுப்புகிறது. எச்டிஎம்எல்லுக்கு மாற்றச் சொல்லுங்கள். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் வேறு கதை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், யூனிகோடில் தேடினால் ஒன்றும் அகப்படாது. இனியாவது யூனிகோடில் அடியுங்கள், தயவுசெய்து.

பிஎஸ்டியையோ தண்டர்பேர்ட் புரொஃபைலையோ ஒன்டிரைவிலும் பகிர்ந்த ஃபோல்டரிலும் வைத்து இரண்டு கணினியில் திறக்காதீர்கள். உடைவதற்கு அதைவிடச் சுருக்கு வழி இல்லை. பிரதியைப் பென்டிரைவில் போடுவதானால் முதலில் அதன் போர்மட்டைப் பாருங்கள், ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது. தண்டர்பேர்ட்டில் ஃபோல்டரைச் சுருக்கும்போது (கம்பாக்ட்) கரண்ட் நின்றால் அந்த ஃபோல்டரே பழுதாகலாம், யூபிஎஸ் இல்லாத கணினியில் தொடங்கவே வேண்டாம்.