டோன்: தொனியா, நாதமா?

மின்கிட்டார் வாசிக்கும் இருவர் சந்தித்தால், ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு ‘டோன்’ என்ற சொல்லில் வந்து நிற்கும். அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயரின் டோன் இந்த டிஜிட்டல் பெட்டியில் வருமா வராதா என்பதுதான் பெரும்பாலும் வழக்கு. இதைத் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் டோனைத் ‘தொனி’ ஆக்கிவிடுகிறார்கள். ஓசை ஒத்துப்போகிறது, பொருளும் பக்கத்தில் இருக்கிறது. யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. எனக்கு நெடுநாளாக எழுந்துகொண்டிருக்கிறது.

தொனி வடமொழி ‘த்வனி’யின் தமிழ் வடிவம். ஒலித்தல் என்ற பொருளுடைய ‘த்வன்’ அதன் வேர். இன்றைய தமிழில் அது பெரும்பாலும் பேச்சின் பாங்கையே குறிக்கிறது: ‘அவர் சொன்னதில் தப்பில்லை, சொன்ன தொனிதான் பிடிக்கவில்லை.’ டோன் வந்த வழி வேறு. கிரேக்கத்தில் ‘தோனோஸ்’ என்றால் இழுத்துக் கட்டுதல், இழுத்துக் கட்டிய கயிறு. அதிலிருந்து, இறுக்கிய நரம்பு எழுப்பும் சுருதி. லத்தீன் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனது. நீட்டுதல் என்ற பொருளுடைய வடமொழி வேர் ‘தன்’ இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு உறவு. அந்த வேரில் பிறந்த ‘தந்த்ரீ’யைத்தான் நாம் தந்தி என்கிறோம். ஆக, டோனுக்கும் தொனிக்கும் இரத்த உறவு கிடையாது. கிட்டாரில் பூட்டியிருக்கும் தந்திதான் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

தமிழும் தன் வழியே நடந்து இதே இடத்துக்கு வந்திருக்கிறது. யாழில் கட்டியதற்குப் பெயர் நரம்பு. அதில் பிறந்த சுரத்துக்கும் பெயர் நரம்பு. ஏழு நரம்பு என்றால் ஏழு சுரம். தொல்காப்பியம் இசை நூலை ‘நரம்பின் மறை’ என்கிறது. கட்டிய பொருளின் பெயரே கேட்ட ஒலிக்கும் ஆவது கிரேக்கத்திலும் தமிழிலும் தனித்தனியே நடந்திருக்கிறது என்று முதன்முதலில் உணர்ந்த அன்று, அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை.

ஆனால் கிட்டார்க்காரர் சொல்லும் டோன் சுருதியும் இல்லை. இயற்பியல் பாடநூல்கள் ஒலியை உரப்பு (சத்தத்தின் அளவு), சுருதி, பண்பு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. ஒரே சட்ஜத்தை ஒரே உரப்பில் வீணையிலும் நாகசுரத்திலும் வாசித்தால் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோமே, அந்த அடையாளம்தான் பண்பு. டோன் என்று அவர்கள் சொல்வது இதை. ஆம்ப்ளிஃபயர் முகப்பில் ‘டோன்’ என்று எழுதிய குமிழ் இதில் ஒரு சிறு பங்குதான். அது கூரிய ஒலிகளைக் கூட்டிக் குறைப்பதோடு சரி. பழைய ரேடியோவில் திருகியவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

ரேடியோ என்றதும் வால்வு நினைவுக்கு வருகிறது. அமெரிக்கர் ‘ட்யூப்’ என்பதை ஆங்கிலேயர் ‘வால்வு’ என்றார்கள். நம் வீடுகளில் இருந்ததும் வால்வு ரேடியோதான். 1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் உருவாக்கிய குழாய் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விட்டதால் அந்தப் பெயர். லத்தீனில் ‘வால்வா’ என்றால் கதவின் மடல். பாடநூல் தரும் ‘வெற்றிடக் குழாய்’ துல்லியமானது. பேச்சில் வால்வே போதும்.

வீணையின் பண்பு அதன் குடத்திலும் மரத்திலும் பிறக்கிறது. மின்கிட்டாரின் பண்பில் பெரும்பங்கு ஆம்ப்ளிஃபயரில் பிறக்கிறது. தந்தியின் சமிக்ஞை வால்வு தாங்கும் அளவைத் தாண்டும்போது, அலையின் உச்சி வெட்டியதுபோல் நிற்காமல் மெல்ல மழுங்குகிறது. மழுங்கும்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உறுமல். பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் ‘கார்டு’ ஒன்றை வலுவாக அடித்தால் மின்வழங்கியின் மின்னழுத்தம் கணநேரம் தாழ்ந்து மீளும். ஒலியும் அதோடு அமுங்கி எழும். விரலுக்கடியில் ஏதோ மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

சிறு மாற்றங்கள் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஃபெண்டர் நிறுவனத்தின் 1959ஆம் ஆண்டு பாஸ்மன் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கலாம். பேஸ் கிட்டாருக்கென்று வந்தது, கிட்டார்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 5எஃப்6-ஏ என்ற அதன் மின்சுற்றை ஏறக்குறைய அப்படியே பின்பற்றித்தான் 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் ஜேடிஎம்45 என்ற ஆம்ப்ளிஃபயர் உருவானது. பாஸ்மனின் முதல் வால்வு 12ஏஒய்7. அதன் பெருக்கெண், அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் திறனின் அளவு, சுமார் 44. மார்ஷலில் அந்த இடத்தில் அமர்ந்த வால்வின் பெருக்கெண் 100. பாஸ்மனில் முதுகு திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷலோடு சேர்ந்ததோ முதுகு மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள். சுற்று ஒன்று, கேட்கும் ஒலி இரண்டு.

இந்த வேறுபாட்டையெல்லாம் எண்களில் பிடிப்பதுதான் ‘மாடலிங்’. இதற்கு மாதிரியாக்கம் என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’, சிவப்பு அவரை விதை வடிவில், பல ஆம்ப்ளிஃபயர்களின் மாதிரிகளை மேசைமேல் வைத்தது. மாதிரியாக்கத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுற்றின் ஒவ்வொரு மின்தடைக்கும் மின்தேக்கிக்கும் வால்வுக்கும் சமன்பாடு எழுதி, நொடிக்குப் பல்லாயிரம் முறை தீர்ப்பது. மற்றது, உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்காமல், உண்மையான ஆம்ப்ளிஃபயருக்குச் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளிவருவதைக் கேட்டுக் கற்பது. கெம்பர் என்ற கருவி அளந்து படியெடுத்தது இரண்டாம் வழியில்; இன்றைய நரம்பணு வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க்) மென்பொருள்களும் அதே வழிதான். இங்கேயும் ‘நரம்பு’ வந்து நிற்பதைப் பாருங்கள்.

இனி, டோனுக்குத் தமிழ் என்ன? ‘பண்பு’ ஆய்வுக்கூடத்துக்குச் சரி. ஆனால் ‘இந்த மார்ஷலுக்கு நல்ல பண்பு’ என்றால் அது ஒழுக்கச் சான்றிதழ் ஆகிவிடும். ‘ஒலித்தரம்’ பதிவின் தரத்தோடு குழம்பும். நம் வாத்தியக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. வீணை வாங்கப் போகிறவர் ஒரு தந்தியை மீட்டிவிட்டு, ‘நாதம் நன்றாக இருக்கிறது’ என்பார். மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு ‘நம்’ தட்டிப் பார்ப்பவரும் அதையே சொல்வார். கருவிக்கே உரிய, வாசிக்கிறவர் கையால் வெளிப்படுகிற அந்த ஒலிக்கு நாதம் என்பதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. அதுவும் வடமொழிதானே என்று கேட்கலாம், உண்மைதான். தொனியும் வடமொழிதான். இரண்டில் எது வாத்தியக்காரர் வாயில் இந்தப் பொருளில் உயிரோடு இருக்கிறதோ, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாதிரியாக்கப் பெட்டிகளைச் சோதிக்க நான் செய்வது ஒன்றுதான். பாஸ்மன் மாதிரியை உறுமும் அளவுக்கு வைத்துவிட்டு, பெட்டியில் எதையும் தொடாமல், கிட்டாரின் ஒலிக்குமிழை (வால்யூம்) மட்டும் 10இலிருந்து 4க்கு இறக்குவேன். சுமாரான மாதிரியில் அதே உறுமல் சன்னமாகக் கேட்கும். நல்ல மாதிரியில் உறுமல் வடிந்து, மணி அடித்ததுபோல் தெளிந்த ஒலி எழும்; அப்போதும் கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தி மீட்டினால் ஓரத்தில் ஒரு கரகரப்பு எட்டிப் பார்க்கும். அப்படி எட்டிப் பார்த்தால், ‘நாதம் வந்துவிட்டது’ என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன்.