மேடையில் முதல் மூன்று நொடி

"பேச்சுப் போட்டியில் முதல் நிமிடத்திலேயே அவை என்னைக் கவனிக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். விடைக்கு நாம் பாவ்லோவின் நாய்களிடம் போக வேண்டும்.

மணியோசைக்கு எச்சில் ஊறிய கதை பள்ளியிலேயே படித்ததுதான். அந்தச் சோதனைகள் அடிக்கடி கெட்டுப்போனது பலருக்குத் தெரியாது. புதியவர் ஒருவர் அறைக்குள் வந்தால் போதும், நாய் அவர் பக்கம் திரும்பிவிடும், எச்சில் ஊறாது. இதற்குப் பாவ்லோவ் வைத்த பெயர், 'இது என்ன?' அனிச்சைச் செயல். நமக்கும் அது உண்டு. புதியதொன்று நேரும்போது கண்மணி விரிகிறது, விரல் நுனியில் வியர்வை கசிகிறது, இதயத் துடிப்பு சற்றே தணிகிறது. அதே ஒலி மீண்டும் மீண்டும் வந்தால் இவை எல்லாம் அடங்கிவிடும்.

மூளை சலித்து அயர்ந்துவிடுகிறது என்றுதான் இதை எவரும் நினைப்பார்கள். மாஸ்கோவில் ஆய்வாளர் எவ்கேனி சோகலோவ் 1950களிலும் 60களிலும் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. ஒரே அளவு நீளும் ஒலியைப் பலமுறை கேட்கவைத்துப் பழக்கினார். பிறகு ஒருமுறை அதைப் பாதியில் நிறுத்தினார். மௌனம் தொடங்கிய அந்தக் கணத்தில் அனிச்சைச் செயல் திரும்பியது! கேட்க எதுவுமே இல்லாதபோது மூளை எதற்கு விழித்தது? அது அயரவில்லை. அடுத்து வருவதன் அச்சு ஒன்றைத் தனக்குள் வார்த்து வைத்து, வருவதையெல்லாம் அதனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இரவுப் பேருந்தில் எஞ்சின் இரைச்சலில் நன்றாகத் தூங்குகிறோம். எஞ்சின் நின்றதும் விழிக்கிறோம். எத்தனை முறை நினைத்தாலும் இது எனக்கு வியப்புதான்.

பின்லாந்து ஆய்வாளர் ரிஸ்தோ நாட்டானென் குழுவினர் 1978இல் இந்த ஒப்பீட்டின் மின்தடத்தையே மூளை அலைகளில் கண்டார்கள். ஒலி மாறிய கால் நொடிக்குள் அது தோன்றுகிறது, கேட்பவர் வேறெதையோ படித்துக்கொண்டிருந்தாலும். ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர் விழிப்பாரா என்று கணிக்க இன்று மருத்துவர்களுக்கு அது உதவுகிறது. 'பீப்' ஒலிகளை எண்ணுவதற்கு எதற்கு நிதி என்று கேட்கும் குழுக்களுக்கு இதை எழுதி அனுப்ப வேண்டும்.

"அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, என் முதற்கண் வணக்கம்" என்பதற்கான அச்சு நம் எல்லோர் மூளையிலும் இருக்கிறது. ஒலிபெருக்கியில் அது வரும்போது ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மூளை தன் வேலைக்குப் போய்விடுகிறது. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில், பலர் பேசிய பின் எழுந்த விவேகானந்தர் "அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே" என்றார். அரங்கு எழுந்து கைதட்டியது. அவருடைய ஆளுமைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எதிர்பாராத அந்த விளி எல்லோரையும் ஒரே கணத்தில் திரும்பவைத்தது என்றே நான் கருதுகிறேன்.

எனவே ஒலிவாங்கி முன் நின்றதும் மூன்று நொடி பேசாமல் அவையைப் பாருங்கள். பிறகு "வணக்கம்" என்ற ஒரே சொல், உடனே பொருள். கிடைத்த விழிப்பு சில நொடிகளே நீடிக்கும். அதற்குள் உங்கள் மிக நல்ல செய்தி வந்துவிட வேண்டும். பெயர் சொல்லிப் போற்ற வேண்டியவர்களைக் கடைசியில், நன்றி சொல்லும்போது நிதானமாகப் போற்றலாம்.