ரொட்டி மாவும் மக்குத் தொட்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டிக்கு மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டு மாடித் தோட்டத்துக்குப் போவது என் வழக்கம். காய்கறிக் கழிவைப் போட்டு மக்கவைத்து உரமாக்கும் பெரிய டிரம்மின் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டால் வெந்நீர் போலச் சுடும். திரும்பக் கீழே வந்து மாவைத் தொட்டுப் பார்த்தால் அது சும்மா அறையின் சூட்டில்தான் இருக்கும். இரண்டு இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. பிறகு ஏன் ஒன்று சுடுகிறது, மற்றது சுடவில்லை?

டிரம்மில் இருக்கும் அளவு அதிகம், அது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் காற்று.

முதலில் மாவைப் பார்ப்போம். கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும், அதிலேயே இருக்கும் அமைலேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கும். ஈஸ்ட் அதைத்தான் உண்கிறது. ஈஸ்ட் ஒரே செல்லால் ஆன பூஞ்சை. பிசைந்த மாவுக்குள் ஆக்சிஜன் கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். ஈஸ்டுக்கு அது பெரிய சிரமம் இல்லை. சர்க்கரையை முழுதாக எரிக்காமல், பாதியில் நிறுத்தி ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். அப்படிச் செய்யும்போது, சர்க்கரையை முழுதாக எரித்தால் வரக்கூடிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட வெளிவருவதில்லை. மிச்சமெல்லாம் ஆல்கஹாலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆல்கஹால் நெருப்புப் பட்டால் எரிவது அதனால்தான். மாவு ஏன் சுடவில்லை என்பதற்கு விடை இதுவே. காற்று கிடைத்தால் ஈஸ்ட் குறைவான சர்க்கரையைத் தின்று அதிகமாகப் பெருகுகிறது என்று 1861-லேயே லூயி பாஸ்டர் எழுதினார்.

வெளிவந்த வாயுவைப் பிடித்து வைக்க ஒரு பை வேண்டும். கோதுமையில் இருக்கும் குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீரில் நனைந்து, பிசையப் பிசைய ஒன்றோடொன்று பின்னிக் குளூட்டன் வலையாகின்றன. மாவில் ஒரு சிறு உருண்டையை எடுத்து விரல்களால் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குப் படலமாக விரிந்தால் வலை தயார். தவிடு சேர்ந்த ஆட்டா மாவில் இந்த வலை அங்கங்கே அறுபடும். அதனால்தான் அந்த ரொட்டி மைதா ரொட்டி அளவுக்கு உப்புவதில்லை. நம் இட்லி மாவில் குளூட்டனே இல்லை. அரைத்த உளுந்தின் வழவழப்புதான் அங்கே வாயுவைத் தாங்குகிறது. வாயுவைத் தருவதும் பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல, லூக்கனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது: கோதுமை புரத வலை பின்னிச் செய்வதை நம் ஊர் உளுந்து வேறு வழியில் செய்து முடிக்கிறது.

சரி, மாடிக்குப் போவோம். டிரம்மின் பக்கங்களில் துளை போட்டிருக்கிறேன், வாரம் ஒருமுறை கிளறியும் விடுகிறேன். உள்ளே போகும் ஆக்சிஜனை வைத்துப் பாக்டீரியாக்கள் சர்க்கரையை மிச்சம் வைக்காமல் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் எரிக்கின்றன. அத்தனை ஆற்றலும் வெளிவருகிறது. அதில் ஒரு பகுதியில் அவை பெருகுகின்றன, மற்றது வெப்பமாகிறது. முதலில் வேலை செய்யும் பாக்டீரியாக்கள் குவியலை 40 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு, தாங்கள் உண்டாக்கிய சூட்டைத் தாங்களே தாங்காமல் ஒதுங்கும். அப்புறம் வெப்பத்தை விரும்பும் வேறு இனங்கள் வந்து, பெரிய குவியலாக இருந்தால் 55 முதல் 65 டிகிரி வரை ஏற்றும். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். சிறிய தொட்டிகள் இவ்வளவு சூடாவதில்லை. உண்டாகும் வெப்பம் பக்கங்கள் வழியாகவே போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் காய்ந்த இலை கிடைக்காமல், வெறும் காய்கறித் தோலையும் பழக்கழிவையும் மட்டும் போட்டு வந்தேன். ஈரத்தில் எல்லாம் அமுங்கிக் கூழானது. காற்றுப் போக வழி இல்லை. சூடு அடங்கிப் புளித்த வாடை வந்தது, பிறகு அழுகிய முட்டை நாற்றம். யோசித்துப் பார்த்தால், டிரம்மில் இருந்ததும் மூடி வைத்த மாவு போலவே காற்றில்லாமல் புளிக்கத் தொடங்கிவிட்டது. காய்ந்த இலையையும் தென்னை நார்க்கழிவையும் கலந்து நன்றாகக் கிளறிய பிறகு, சில நாட்களில் நாற்றம் போய்ச் சூடு திரும்பியது. காய்ந்த இலை காற்றுக்கு இடம் தருவதோடு கார்பனையும் தருகிறது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 30 பங்கு கார்பன் வேண்டும். பச்சைக் கழிவில் மட்டும் அவ்வளவு கார்பன் இருக்காது.

மாவு இரண்டு மடங்காகியிருக்கும், கீழே இறங்க வேண்டும். ஓவனில் 220 டிகிரியில் வைத்த முதல் சில நிமிடங்களில் ரொட்டி சட்டென்று எழும்பும். ஈஸ்ட் வேகமெடுக்கிறது, வாயு விரிகிறது, ஆல்கஹாலும் தண்ணீரும் ஆவியாகின்றன. ரொட்டியின் உள்ளே 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் இறந்துவிடும். அதையொட்டி மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வீங்கி, எழும்பிய உருவம் அப்படியே நிலைத்துவிடும். கடைசிவரை ரொட்டியின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. மேலோடு காய்ந்து அதற்கும் மேலே போவதால்தான் அங்கே மட்டும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறமும் அந்த மணமும் வருகின்றன. 1912-ல் இதை விவரித்த லூயி கமீ மயார் பெயரால் இதற்கு மயார் வினை என்று பெயர்.

சூடாக வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும், மாவுச்சத்து இன்னும் இறுகியிருக்காது. ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். அந்த நேரத்தில் சென்ற பருவத்து மக்கைச் சலித்துத் தக்காளிப் பைகளில் போடுகிறேன். அதுவும் ஆறியிருக்க வேண்டும். இன்னும் சூடாக இருந்தால் உள்ளே தின்னும் வேலை முடியவில்லை என்று பொருள். அந்த நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும், தக்காளி இலை மஞ்சளாகும். ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்க்கிறேன். முதல் மழை பெய்த மண்ணின் வாசனை. தயாராகிவிட்டது.