ஷட்டரைக் குறைத்தாலும் வெளுக்கும் வாணவேடிக்கை

வாணவேடிக்கைப் படம் வெளிறிப்போனால் பலரும் முதலில் ஷட்டர் நேரத்தைத்தான், அதாவது ஒளி உள்ளே வரும்படி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைத்தான், குறைக்கிறார்கள். ஐந்து நொடியை இரண்டாக்கினால் ஒளிக்கோடுகளின் எண்ணிக்கை குறையும். எஞ்சிய கோடுகள் முன்போலவே வெளுத்துக் கிடக்கும்.

தீப்பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதே காரணம். 300 மீட்டர் தொலைவில் ஒரு பொறி, நம் பார்வைக்குக் குறுக்காக நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் பாய்வதாக வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் அக்காட்சியைச் சுமார் 6,000 மடங்கு சுருக்கி, ஒளியைப் பதியும் சென்சாரில் விழச்செய்கிறது. ஆக, பொறியின் பிம்பம் அங்கே நொடிக்கு 5 மில்லிமீட்டர் நகரும். சென்சாரில் ஒளியை உணரும் சிறு கட்டமான பிக்சலின் அகலம் 0.005 மில்லிமீட்டர் என்றால், அதைக் கடக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்தாலும், அந்தப் பொறியிடமிருந்து அந்தப் பிக்சல் பெறுவது அவ்வளவுதான்.

எனவே கோட்டின் பிரகாசத்தை முடிவுசெய்பவை லென்ஸின் துளையும், கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணும். ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8 முதல் எஃப்/16 வரை (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) என்பது நல்ல தொடக்கம். அதற்கும் மேல் குறுக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படத்தின் கூர்மை கெடும். ஷட்டர் நேரத்தின் பிடி கட்டடம், வானம், புகை போன்ற அசையாத அல்லது மெல்ல நகரும் பொருள்களின் மீதுதான்.

வெளிறுவதால் முதலில் பறிபோவது நிறம். ஸ்ட்ரான்சியம் சிவப்பையும் பேரியம் பச்சையையும் தாமிரம் நீலத்தையும் தருகின்றன. ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒரு நிற வடிகட்டி இருக்கும். சிவப்பு வடிகட்டிக்குக் கீழிருக்கும் பிக்சல் நிரம்பிய பிறகும் ஒளி வந்துகொண்டிருந்தால், பச்சை, நீல வடிகட்டிகள் வழியே கசியும் சிறு பங்கும் சேர்ந்து அவற்றையும் நிரப்பிவிடும். மூன்றும் நிரம்பினால் மிஞ்சுவது வெள்ளை. கண்ணுக்குச் செக்கச்செவேல் என்று தெரிந்த பூ, படத்தில் சுண்ணாம்பாக நிற்பது இப்படித்தான்.

முக்காலி கட்டாயம். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். தொலைவிலுள்ள விளக்கொன்றில் ஃபோகஸ் செய்து, அதைக் கையியக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையில், வாணவெடி மேலெழும்போது ஷட்டரைத் திறந்து, இதழ்கள் அணைந்ததும் மூடலாம். நீண்ட ஷட்டர் நேரத்துக்கான இரைச்சல் (படத்தில் தோன்றும் தேவையற்ற புள்ளிகள்) நீக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், ஐந்து நொடிப் படம் எடுத்ததும், கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னோர் ஐந்து நொடி இருட்டைப் படமெடுக்கும். நல்ல வெடியெல்லாம் அந்த இடைவெளியில்தான் வெடிக்கும்! நிற்கும் இடம், காற்று உங்கள் முதுகிலிருந்து வெடிகளை நோக்கி வீசும்படி அமைந்தால் புகை விலகிப்போகும்.

இறுதிக் கட்டத்தில் டைட்டானியம் கலந்த வெள்ளை வெடிகள் அடுத்தடுத்து வரக்கூடும். அப்போது துளையைக் குறுக்குவதோடு, ஷட்டரையும் விரைவில் மூட வேண்டும். கோட்டின்மேல் கோடு விழும்போது ஒரே பிக்சல் பல பொறிகளின் ஒளியை வாங்குகிறது. ஷட்டர் நேரம் கூடக்கூட அங்கே வெளிச்சமும் கூடும்.