ஆக்சில் ஷாஃப்ட் வாங்கும் முன் உள்ளே இருப்பது எந்த வகை டிஃபரன்ஷியல் என்று பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஒன்று, பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்டை மாற்றிய சில வாரங்களிலேயே, அதன் நுனியிலுள்ள ஸ்பிளைன் பற்கள் மழுங்கி, பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுபோய் எங்கள் பட்டறைக்கு வந்தது. பழைய உதிரிபாகக் கடையில் பற்களை எண்ணி, எண்ணிக்கை ஒத்திருந்ததாலேயே அந்த ஷாஃப்டை வாங்கியிருக்கிறார்கள். அந்த நுனி பொருந்துவது டிஃபரன்ஷியலுக்குள், அதாவது வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதிக்குள்; அது எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். இதே தவறு திரும்பத் திரும்ப வருவதால் எழுதுகிறேன்.

"பின்பக்கத்தைத் தூக்கி, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைச் சுற்றினோம், மற்றது எதிர்த்திசையில் சுழன்றது, ஆகவே சாதா டிஃபரன்ஷியல்தான்" என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அந்தச் சோதனையை அவ்வளவு தூரம் நம்பக் கூடாது. இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் உள்ளே இருப்பது சாதா வகை அன்று எனலாம். எதிர்த்திசையில் சுழன்றால் சாதா வகைதான் என்று முடிவு கட்டவே முடியாது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதை உராய்வு பிளேட்டுகளால் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையும், பிளேட் தேய்ந்துவிட்டால் அப்படித்தான் சுழலும். மஹிந்திரா தாரில் வரும் ஈட்டன் டிஃபரன்ஷியல், இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால்தான் பூட்டிக்கொள்ளும் என்பதால், கையால் சுற்றும்போது அது சாதா வகையாகவே தோன்றும்.

டிஃபரன்ஷியலின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஷாஃப்டின் நுனி நுழையும் சைடு கியருக்குப் பின்னால் பிளேட் அடுக்கு இருந்தால் அது சாதா வகை அன்று; லிமிடெட் ஸ்லிப்போ, ஈட்டன் போன்ற பூட்டும் வகையோ ஆகும். பின்மூடி இல்லாத ஹவுசிங்கில், கியர்களைத் தாங்கும் கேரியரையே வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கூலிக்குத் தயங்கித்தான் பலர் ஊகத்தில் உதிரிபாகம் வாங்குகிறார்கள். சில வடிவமைப்புகளில் சைடு கியர் அமரும் ஆழமே இரு வகைக்கும் மாறுபடும். அங்கே பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், ஸ்பிளைன் நீளம் குறைந்த ஷாஃப்ட் பாதி மட்டுமே பற்றி, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற பாதையில் பாரம் தாங்காமல் உரிந்துவிடும். ஆகையால் பழைய ஷாஃப்டைக் கையோடு கொண்டுபோய், மொத்த நீளம், ஸ்பிளைன் நீளம், நுனியில் கிளிப் பள்ளம் இருக்கிறதா என்பதை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். இடது, வலது நீளங்கள் வேறுபடும் வண்டிகளும் உண்டு.

பிளேட் வகைக்கு அதற்குரிய சேர்மானம் உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். அது இல்லாமல் வளைவில் எழும் அதிர்வை ஷாஃப்டின் பழுதென்று எண்ணி, நல்ல ஷாஃப்டையே மாற்றிவிடுகிறார்கள்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: எந்த வகை என்று தெரியாத வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, எஞ்சினை ஓட்டிக் கியர் போடாதீர்கள். தரையிலுள்ள சக்கரத்துக்கும் இழுவை போய், வண்டி ஜாக்கிலிருந்து பாய்ந்து இறங்கிவிடும்.