மேசையைக் கவிழ்த்துப் பார்க்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே இருந்த மேசை ஒன்றின் மேல் எங்கள் மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. தேக்கு, மூன்று லாச்சி (இழுப்பறை), பித்தளைக் கைப்பிடி. "துரை பங்களா மேசை, நூறு வருஷம் இருக்கும்" என்றாராம் தவுக்கே, அதாவது கடை முதலாளி. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பங்களாக்கள் பூட்டிக் கிடக்கும் இந்தக் காலத்தில் அந்த மாதிரிச் சாமான்கள் டவுனுக்கு வருவது உண்மைதான். வாங்குவதற்கு முன் மாமா என்னை அழைத்துப் போனார். நான் கேட்ட முதல் கேள்வி, இதைக் கவிழ்த்துப் பார்க்கலாமா என்பது.

முகப்பை நம்பி மரச்சாமானுக்கு வயது சொல்ல முடியாது. நூறு கைகள் துடைத்திருக்கும், பத்துப் பேர் பாலிஷ் போட்டிருப்பார்கள். பாணியும் பாதி உண்மையைத்தான் சொல்லும். படிப்படியாக மடிந்த விளிம்பும் உருண்ட மூலையும் கொண்ட ஆர்ட் டெகோ பாணியை உலகம் முழுக்கப் பேச வைத்தது 1925ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சி. மலாயாவில் 1930களின் கடைவீடுகளில் அந்தச் சாயலைப் பார்க்கலாம். ஆனால் அதே வடிவத்தை நேற்றுகூட ஒருவர் செய்திருக்கலாமே. ஒரு பொருள் எப்போதிலிருந்து இருந்திருக்க முடியும் என்பதை மட்டும் பாணி காட்டும். எதுவரை என்று தெரிய வேண்டுமானால், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தச்சர் விட்டுவைத்த பக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

கவிழ்த்தோம். மேல்பலகையின் அடியில் இழைப்புளி படாத இடத்தில் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தன. எனக்கு மிகவும் பிடித்த தடயம் இது. இரண்டு பேர் மேலும் கீழுமாக இழுத்து அறுத்த மரத்தில் கோடுகள் நேராக இருக்கும், ஆனால் இடைவெளியும் சாய்வும் மாறிக்கொண்டே வரும். பட்டை ரம்பம் அறுத்ததில் கோடுகள் நேராகவும் ஒரே சீராகவும் இருக்கும். வில் மாதிரி வளைந்த கோடு என்றால் வட்ட ரம்பம். அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கப்பட்டது 1777இல். மரவாடிகளில் பரவியது 19ஆம் நூற்றாண்டில். ஆக, இந்தப் பலகை ஆலையில் அறுபட்டது.

அடுத்து லாச்சிகள். முதல் இரண்டிலும் மூலைகள் புறாவால் வடிவத்தில் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தன. ஒரு வால் அகலம், அடுத்தது ஒடுக்கம். எங்கே வெட்டுவது என்று தச்சர் இரும்பு முனையால் கீறிய கோடு அழியாமல் இருந்தது. கையால் வெட்டியவை. அடிப்பலகை முழு மரம். திருகாணிகளின் தலையில் ஒற்றைக் காடி.

மூன்றாவது லாச்சியை இழுத்ததும் மாமாவின் முகம் வாடிவிட்டது. அடியில் பிளைவுட். பின்பக்கம் கூட்டல் குறி போட்ட திருகாணிகள். அந்தத் தலையமைப்பு 1930களின் நடுவில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவரால் சந்தைக்கு வந்தது, நம் பக்கம் சாதாரணமானது அதற்கும் பிந்தி. "அப்போ போலியாடா?" என்றார் மாமா. "அவசரப்படாதீங்க மாமா, இன்னும் பார்க்க வேண்டியது இருக்கு" என்றேன்.

மரத்தைப் பார்த்தோம். பலகையின் குறுக்குவெட்டு முனையில் பெரிய துளைகள் வரிசை கட்டி வளையம் வளையமாக நின்றன. தேக்கு மலாயாக் காட்டு மரம் அல்ல. பர்மா, சயாம் பக்கம் அதற்கு மாதக்கணக்கில் கோடை உண்டு. அப்போது இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். முதல் மழை விழுந்ததும் நீரை வேகமாக மேலே ஏற்றப் பெரிய குழாய்களாகக் கட்டும். அந்தக் குழாய் வரிசைதான் வளையம். வருஷம் முழுக்க மழை பெய்யும் நம் காட்டின் மெரந்தியிலும் செங்காலிலும் அப்படித் தெளிவான ஆண்டு வளையம் கிடையாது. பேராக்கில் நின்ற அந்த மேசைக்குள் வேறொரு நாட்டின் மழையும் வெயிலும் எழுதியிருந்தது. ஆனால் வளையத்தை எண்ணினால் கிடைப்பது மரத்தின் வயது. மேசையின் வயது அல்ல. கதிரியக்கக் கரிமச் சோதனைக்கும் இதே குறை உண்டு. 1950களுக்குப் பிறகு அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கரிமம்-14, அதற்குப் பின் வளர்ந்த மரத்தை மட்டும் நன்றாகக் காட்டிக் கொடுக்கும்.

ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடுகள், பழைய வட்டமேசையைக் குறுக்காக அளந்து பார் என்கின்றன. மரநார் ஒரு கட்டு வைக்கோல் குழாய் மாதிரி. ஈரம் போனால் குழாயின் சுவர்கள் மெலியுமே தவிர நீளம் குறையாது. அதனால் பலகை அகலவாக்கில் மட்டும் சுருங்கி, வட்டம் முட்டை வடிவத்துக்குச் சாயும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கி உலர்த்தும் ஊருக்கு இது சரி. நம் ஊர்க் காற்றில் மரத்தின் ஈரம் எப்போதும் 15 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். வட்டம் வட்டமாகவே இருந்துவிடலாம். அதை வைத்துப் புதுசு என்று சொல்லிவிடக் கூடாது. ஏர்கோன் அறையில் கொண்டுபோய் வைத்தால்தான் பழைய மேசை வெடிக்கத் தொடங்கும்.

பாலிஷுக்கு ஒரு சோதனை உண்டு. கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட். பிசுபிசுத்தால் அரக்கு. அரக்குப் பூச்சி கக்கிய பிசின் சாராயத்தில் கரையும். 1920களில் வந்த நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு தின்னரில் கரையும். பாலியூரித்தேன் இரண்டுக்கும் அசையாது. மேசைக் காலின் உட்புறம் பிசுபிசுத்தது. போலி நோட்டைப் பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினால் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், அதுவும் தெரிந்தது. பிற்பாடு ஒருவர் அரக்கே பூசியிருக்கலாம் என்பதால் இதை ஒற்றைச் சாட்சியாக வைக்க மாட்டேன்.

உளுத்த ஓட்டைகளைக் காட்டி விலை ஏற்றுபவர்கள் உண்டு. கவனியுங்கள். புழு மரத்துக்குள்ளேயே வளைந்து வளைந்து தின்னும், வண்டானதும் ஒரே ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். மேற்பரப்பில் தெரிய வேண்டியது புள்ளிகள். புள்ளிக்குப் பதிலாகத் திறந்த வாய்க்கால்கள் ஓடினால், உளுத்த பழைய மரத்தை யாரோ மறுபடி அறுத்துப் புதுச் சாமான் செய்திருக்கிறார்கள்.

மாமா யோசிக்க நேரம் கேட்டார். பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த நாற்காலி, வளைந்த முதுகும் வட்ட இருக்கையும் கொண்டது. அதன் மூதாதை, மைக்கேல் தோனெட் 1859இல் வியன்னாவில் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி. மொத்தம் ஆறு துண்டு மரம், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. கப்பலேறி உலகம் சுற்றியதற்கு அதுவே காரணம். பீச் மரக் கம்பை நீராவியில் வேக வைத்தால் நார்களை ஒட்டும் லிக்னின் இளகும். அந்த நிலையில் மரத்தை நெருக்கினால் நிறையத் தாங்கும், இழுத்தால் ஓரிரு சதவீதத்திலேயே நார் கிழியும். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுமே! தோனெட் வெளிப்பக்கத்தில் எஃகுப் பட்டையை இறுக்கிக் கட்டினார். பட்டை நீளாது, அதனால் மரம் முழுவதும் நெருக்கத்திலேயே வளைந்தது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அவரது காப்புரிமை 1869இல் முடிந்ததும் பலரும் செய்யத் தொடங்கினார்கள். அதனால் வடிவத்தைப் பார்த்துக் காலம் சொல்லாமல், இருக்கையின் அடியில் முத்திரையைத் தேடுங்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்க வழியில்லை, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது.

திரும்பிப் போய் லாச்சிகளை மறுபடி கவிழ்த்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது முதல் லாச்சியின் பின்புறம் மங்கலாக ஒரு மைக்கோடு. இரண்டாவதில் இரண்டு கோடு. மேசையின் உட்சட்டத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படுக்கைக் கோடுகள். சீனத்தில் அந்த எண்களை அப்படித்தான் எழுதுவார்கள். கையால் வெட்டிய லாச்சி அதனதன் பொந்தில்தான் சரியாக ஓடும், அதனால் தச்சர் எண் போட்டிருக்கிறார். மூன்றாவது லாச்சியில் கோடே இல்லை. காணாமல் போனதற்குப் பதில் பின்னாளில் யாரோ செய்து வைத்தது.

மாமா அதை வாங்கித் திருப்பினார். வெளிறிய, வைக்கோல் நிறப் பலகை. நகத்தால் கீறிப் பார்த்தவர் நிமிர்ந்தார். "டேய், இது நம்ம பால்மரம்டா. எத்தனை கட்டை பிளந்து அடுப்பு எரிச்சிருக்கேன்." இருபது வருஷம் மரம் சீவிய கை அது. தப்பாது.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சில நாளில் பூஞ்சை நீலம் பூத்துவிடும், வண்டும் வந்துவிடும். பால் தீர்ந்த மரம் விறகுக்கும் புகைவீட்டுக்கும்தான் போனது. போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகு, 1980களில்தான் அது மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மரமாக ஆனது. ஆகவே மூன்றாவது லாச்சி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. மற்றதெல்லாம், என் கணிப்பில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. துரை பங்களாவில் நின்றதா, தோட்டக் கணக்கெழுதும் கிராணி ஆபீஸில் நின்றதா என்பதை மரம் சொல்லவில்லை.

தவுக்கே விலையைக் கொஞ்சம் குறைத்தார். தேக்கில் வேறு லாச்சி செய்து தரவா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாமா லாரிக்கு ஆள் கூப்பிடப் போனார்.